சான்றிதழ் முதல் சுபம் வரை

எங்கள் போட்டிக்கு மொத்தம் நான்கே விதிகள். நான்கையும் எழுதியவள் நான்தான். அதனால் இந்தக் கதையில் யாரைத் திட்டுவது என்று நீங்கள் ரொம்பத் தேட வேண்டியதில்லை.

குழுவின் பெயர் ‘கடைசி வரிசை’. இணையத்தில் கூடிச் சினிமா பேசும் அறுபத்து மூன்று பேர். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. கோவை பீளமேட்டில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஊரார் பல்வலிக்கு டோக்கன் கொடுக்கும் சுகிர்தா என்கிற நான்தான் இதற்குத் தலைவி. தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் குழுவை ஆரம்பித்தவள் என்பதால் எல்லாரும் அக்கா என்றார்கள், நானும் அப்படியே நாட்டாமை ஆகிவிட்டேன்.

வருடா வருடம் மார்கழி முப்பது நாளும் போட்டி. யார் அதிகப் படம் பார்க்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். படத்தைத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து சுபம் வரை, ஒரு ஃப்ரேம் விடாமல் பார்க்க வேண்டும். இப்போது எந்தப் படத்திலும் ‘சுபம்’ என்று போடுவதில்லைதான், ஆனாலும் முடிவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவர்களுக்கு எங்கள் குழுவில் இடமே இல்லை. இடைவேளை என்று எழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு, அப்போது என்ன தின்கிறீர்களோ அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முடிந்ததும் இரண்டு வரி விமர்சனம். கடைசி விதி, சண்டை போடக் கூடாது.

பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஜெயித்தவர் சொல்லும் பேரை மூடியில் வெட்டி அனுப்புவேன். ஒரு வருடம் ஒருவர் தன் பூனையின் பேரை வெட்டச் சொன்னார். பூனை டிபன் கொண்டுபோய் எந்த ஆபீசில் சாப்பிடப் போகிறது என்று ஒரு வாரம் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். இவ்வளவுதான் எங்கள் போட்டி. ஜெயித்தவர் நாற்பது படம் பார்த்திருந்தால் அது பெரிய விஷயம்.

போன வருடம் ஏழுமடி வந்தது.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு வில்லைகள், ஐந்து ரூபாய் நாணயம் அளவு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று விற்க ஆரம்பித்து, பிறகு எல்லாரும் வாங்கினார்கள். திருப்பூர் நவநீதன்தான் எங்கள் குழுவில் முதலில் வாங்கியவர். பனியன் கம்பெனியில் துணி சோதிக்கிற வேலை, முப்பத்தாறு வயது. குழு அழைப்பில் எங்களுக்கு அவர்தான் விளக்கினார்.

“படம் ஏழு மடங்கு வேகத்துல ஓடுதுங்க. நம்ம மனசும் ஏழு மடங்கு வேகத்துல ஓடுது. அதனால படம் எப்பவும்போலத்தான் தெரியும். சிரிக்கிற எடத்துல சிரிப்பு வரும், அழுகிற எடத்துல அழுகை வரும். முடிச்சுட்டுக் கடியாரத்தப் பார்த்தா இருபது நிமிசம்.”

உடம்பு மட்டும் பழைய வேகத்திலேயே இருக்கும் என்றார். க்ளைமாக்ஸில் வந்த அழுகைக்கான கண்ணீர், பேர்கள் ஓடி முடிந்த பிறகுதான் கண்ணுக்கு வந்து சேர்கிறதாம். எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் அவர் கேட்டார், இப்படிப் பார்த்தால் போட்டிக் கணக்கில் வருமா என்று.

நான் விதிகளை எடுத்துப் படித்தேன். சான்றிதழிலிருந்து சுபம் வரை பார்க்கிறார். ஒரு ஃப்ரேம் விடவில்லை, பாட்டைத் தள்ளவில்லை, இடைவேளையில் நிறுத்தி முறுக்குத் தின்கிறார். நேரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. பாட்டைத் தள்ளுகிற துரோகிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, படத்தையே மொத்தமாகத் தள்ளிக்கொண்டு போக ஒரு கருவி வரும் என்று தோன்றவில்லை. ‘விதிப்படி சரிதான் தம்பி, ஜமாயுங்க’ என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு போட்டேன்.

அன்று மதியம் அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. ஜெயித்தால் டிபன் பாக்ஸில் மிதுனா என்று வெட்டித் தருவீர்களா என்று கேட்டிருந்தார். மிதுனா அவருடைய மகள், ஒன்றாம் வகுப்பு. நான் அழைத்துப் பேசினேன்.

“அவளுக்குத் திக்குவாய்ங்கக்கா. மத்த வார்த்தைன்னா கெட்டிக்காரி, சிக்குச்சுன்னா வேற வார்த்தைக்கு மாறிக்குவா. தண்ணி வரலீன்னா தாகம்னு சொல்லிருவா. பேருக்கு வேற வார்த்தை இல்லீங்களே.”

வகுப்பில் புது டீச்சர் வரும்போதெல்லாம் பேர் சொல்லச் சொல்கிறார்களாம். அவள் ஆரம்பிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் கோரஸாகச் சொல்லி முடித்துவிடுகிறார்களாம். மூடியில் பேர் இருந்தால் தூக்கிக் காட்டிவிடலாம் அல்லவா என்றார்.

இதற்குப் போய் எதற்குப் போட்டி, நான் சும்மாவே ஒன்று வெட்டி அனுப்புகிறேன் என்றேன். அவர் வீடு இருப்பதே பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில். வாசலில் இறங்கி நின்றால் நூறு டிபன் பாக்ஸ் கிடைக்கும், பேர் வெட்டித் தர பத்துப் பேர் இருப்பார்கள். அதையும் சொன்னேன்.

“ஜெயிச்சுக் கொண்டாறேன்னு சொல்லிப்புட்டேனுங்க” என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். அன்றைக்கே ஒன்றை வாங்கிப் பேரை வெட்டி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை நினைக்காத நாள் எனக்கு இப்போது கிடையாது.

கருவியின் அட்டையில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருந்தது. நவநீதன் வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் பார்த்தார். மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் விக்னேஸ்வரனும் ஒரு ஏழுமடி வாங்கிவிட்டார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க, இவர்கள் இரண்டு பேருக்கும் ஓட்டப்பந்தயம். நான் தினமும் காலையில் மதிப்பெண் பட்டியல் போட்டேன். போட்டதோடு நின்றேனா? ‘கிள்ளான் ஆறு படம் முன்னால். திருப்பூரில் என்ன, கரண்ட் கட்டா?’ என்று எழுதினேன். குழு கலகலப்பாக இருந்தது, எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆரம்பத்தில் நவநீதனின் இரண்டு வரிகளுக்காகவே நாங்கள் காத்திருப்போம். ‘வில்லன் வீட்டு நாய் நன்றாக நடித்திருக்கிறது. அடுத்த படத்தில் அதற்கே முழுக் கதையையும் கொடுத்துவிடலாம்’ என்று எழுதுவார். கடைசி வாரம் லீவு போட்டு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்தார். அந்த வாரத்து விமர்சனங்கள் ‘பார்த்தேன்’, ‘முடிந்தது’ என்று வந்தன. போட்டி முடிய மூன்று நாள் இருக்கும்போது, படத்தைப் பற்றி இல்லாமல் ஒரு வரி வந்தது. ‘வீட்டில் எல்லாரும் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள்?’

நாற்பது பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். நாற்பதில் நானும் ஒருத்தி.

முந்நூற்றுத் தொண்ணூற்றொரு படம் பார்த்து நவநீதன் ஜெயித்தார். கிள்ளான்காரர் முந்நூற்று எண்பத்தெட்டு. பரிசு அறிவித்து, முகவரி அனுப்புங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. பத்து நாள் கழித்து, மருத்துவமனையில் கூட்டம் குறைந்திருந்த ஒரு முற்பகலில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மனைவி ரேணுகா.

“அவரு நல்லாத்தானுங்க இருக்காரு. சாப்பிடறாரு, நடக்கறாரு. ஆனா எங்ககூட இல்லீங்க.”

வில்லையைக் கழற்றினால் அரை மணியில் மனம் பழைய வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். அவருக்கு இறங்கவில்லை. கோவையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். மனதுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதை இத்தனை நாள் இத்தனை மணி நேரம் பிடித்துத் தள்ளியதில் அது அந்த வேகத்திலேயே நிலைத்துவிட்டது என்றாராம். நமக்கு ஒரு நிமிடம் அவருக்கு ஏழு நிமிடம். தூங்கும்போது மட்டும் நம்மோடு சேர்ந்துகொள்கிறார். இறங்குமா என்று கேட்டதற்கு, இறங்கலாம், இறங்காமலும் போகலாம், இதுவரை யாருக்கும் தெரியாது என்றாராம். அதனதன் வேகத்தில் நடக்கிற விஷயங்களோடு பொறுமையாக உட்காரப் பழகட்டும் என்பது ஒன்றுதான் அவர் சொன்ன வைத்தியம்.

ரேணுகா மேலும் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிதுனாவுக்கு வார்த்தை சிக்கினால் அந்த வீட்டில் காத்திருக்கிறவர் அப்பா ஒருவர்தான். சோற்றுக் கவளம் கையில் இருந்தாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார். எடுத்துக் கொடுக்கவும் மாட்டார், தலையாட்டி அவசரப்படுத்தவும் மாட்டார். ரேணுகாவுக்கே அந்தப் பொறுமை கிடையாதாம், பாதியில் சொல்லி முடித்துவிடுவாராம்.

“ஜெயிச்ச அன்னைக்குப் பாப்பா ஓடி வந்துச்சுங்க. ‘அப்பா, ஜெ... ஜெ...’னு நிக்கிது. இவரு பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாருங்க. நாற்காலி தரையில இழுபட்ட சத்தத்துல அது வாய மூடிக்கிச்சு. அன்னையிலிருந்து அவருகிட்டப் பேசறதே இல்லீங்க. அப்பாவுக்கு ரொம்ப நேரமாகும்னு தெரிஞ்சுக்கிச்சு. எதுன்னாலும் நோட்டுல எழுதிக் காட்டுது.”

உங்களைக் குற்றம் சொல்லக் கூப்பிடவில்லை, அந்த பாக்ஸை மட்டும் அனுப்பிவிடுங்கள், பாப்பா கேட்கிறாள் என்றார். ஒரு திட்டாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். மடியில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஆறு வருடப் பழக்கத்தில் நவநீதனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கைகள் அவருக்குத் தனித்தனியாகத் தெரிகின்றனவாம். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். பார்ப்பதற்கு யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். கண்கள் மட்டும் எங்காவது போய்ப் போய்த் திரும்பி வந்தன. பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போனவர் கண்கள் அப்படித்தான் இருக்கும்.

ஒத்திகை பார்த்ததை எல்லாம் கொட்டினேன். விதியில் நேரத்தைப் போடாதது என் தப்பு, உசுப்பேற்றியது என் தப்பு என்று இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். நடுவில்தான் உறைத்தது, அவருக்கு இது கால் மணி நேரம். சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து மிதுனா எட்டிப் பார்த்தாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிள்ளைகளைக் கண்டால் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன், உன் பேர் என்னம்மா என்று.

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, உதட்டை இறுக்கி, “மி...” என்றாள். மறுபடியும் “மி...” என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“மிதுனாவா? அழகான பேரு” என்று சொல்லிவிட்டேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ரேணுகா தரையைப் பார்த்தார். ஐந்து விநாடிகூட இருக்காது. இவ்வளவு தெரிந்து, மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், என்னால் ஐந்து விநாடி இருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

அதை மறைக்க அவசரமாகப் பையைத் திறந்து டிபன் பாக்ஸைக் கொடுத்தேன். அவள் மூடியில் இருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எனக்குக் காட்டினாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி அவருக்கும் காட்டினாள். மிதுனா என்று பளபளத்தது. அவர் கேட்டபடியே, அவர் நினைத்தபடியே.

நவநீதன் கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, “எனக்கு இப்ப...” என்று தொடங்கி நின்றார். வாய் ஒரு வார்த்தையை உருட்டி முடிப்பதற்குள் அவர் மனம் எங்கோ போய்விடுகிறது, அதைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. முடிந்துவிட்டது போலும் என்று நான் வாயைத் திறந்தேன். மிதுனா என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பேசாதே என்கிற அழுத்தம். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, தலையாட்டவில்லை.

“எனக்கு இப்ப... எல்லாரும் மிதுனா மாதிரிதானுங்க பேசறாங்க. நீங்க, ரேணுகா, டாக்டரு... எல்லாருக்கும் ஒவ்வொரு எழுத்தும் நின்னு நின்னுதான் வருது.” மறுபடி நின்றார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். “அவகிட்டக் காத்திருந்துதான் எனக்குப் பழக்கமுங்க. அன்னைக்கு ஒருநா எந்திரிச்சுப் போயிட்டேன். அவளும் பேசலீன்னா... அப்புறம் நான் யாருக்காகக் காத்திருக்கிறது?”

மிதுனா டிபன் பாக்ஸைக் கீழே இறக்கிக்கொண்டாள். ரேணுகா காபி போட உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் குழுவில் நான்கு விதிகளையும் அழித்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். கிள்ளான் விக்னேஸ்வரன், கடைசி நாளில் தலைசுற்றல் வந்து தானும் வில்லையைக் கழற்றி வைத்ததாகவும், தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம் என்றும் எழுதினார். புதுப் போட்டி ஒன்று அறிவித்தேன். ஒரே படம். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, அவரவர் வீட்டில், எல்லாரும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஏழுமடி கூடாது. எழுந்து போகாமல் சுபம் வரை இருக்கிறவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள். யாருக்காக இந்தப் போட்டி என்று எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை.

இரண்டு மணி இருபத்தைந்து நிமிடப் படம். அறுபத்திரண்டு பேருக்கு ஒரு மதியப்பொழுது. நவநீதனுக்குப் பதினேழு மணி நேரம். கதாநாயகன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவருக்கு ஒரு காபி ஆறிவிடும். இதனால் கடிகாரம் இறங்கும் என்று நம்பாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டாராம். தெரிந்தேதான் நவநீதன் உட்கார்ந்தார்.

இடைவேளை எழுத்து வந்ததும் படங்கள் வந்து விழுந்தன. பஜ்ஜி, வேர்க்கடலை, ஒருவர் வீட்டில் முந்தின நாள் இட்லியின் உப்புமா. திருப்பூரிலிருந்து எதுவும் இல்லை. இரண்டாம் பாதியைப் போட விரல் தயங்கிய நேரத்தில் அங்கிருந்தும் ஒரு படம் வந்தது. திறந்த டிபன் பாக்ஸ், உள்ளே இரண்டு முறுக்கு, ஒன்றில் கடித்த வடு. பல் விழுந்த வாய் கடித்த வடு.

படம் முடிந்தது. சுபம், சுபம் என்று எல்லாரும் எழுதினார்கள். அறுபத்திரண்டு சுபம் எண்ணினேன். மணி நான்கே முக்கால் ஆகியும் ஒன்று குறைந்தது. எழுந்து போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். போனால்தான் என்ன, பதினேழு மணி நேரம் யாரால் முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவர் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஐம்பத்தெட்டு விநாடி.

குரல் செய்தி எது வந்தாலும் இரட்டை வேகத்தில் கேட்பது என் வழக்கம். எல்லாரையும் போலத்தான், யாருக்கு நேரம் இருக்கிறது? கட்டைவிரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. தொடுவதற்கு முன் விரல் போவதைப் பார்த்துவிட்டேன். விரலை எடுத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இருந்த வேகத்திலேயே ஓடவிட்டேன்.

மின்விசிறிச் சத்தம். பிறகு ஒரு சின்னக் குரல்.

“நான் மி...”

நின்றது. மறுபடி “மி...” என்று வந்தது. ரேணுகாவின் வளையல் சத்தம் கேட்டது, அவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேர் எனக்குத் தெரியும், சொல்லிவிடலாம், சொல்லவில்லை.

“மிதுனா பேசறேனுங்க. அப்பா... சு... சு...”

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

“சுபம் வரைக்கும் பார்த்துட்டாருங்க.”

ஐம்பத்தெட்டு விநாடி. அவருக்கு அது ஏறக்குறைய ஏழு நிமிடம். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறதா என்று முடிகிற வரை காதைக் கொடுத்து இருந்தேன். கேட்கவில்லை.